மூத்தவளுக்குத் தனி இடம்

எங்கள் வயற்கண்டத்தில் வாய்க்கால் தண்ணீரை வயல்களுக்கு முறை வைத்துப் பிரித்துவிடும் வட்டானை நான். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். யாருக்கு என்றைக்கு முறை என்று வயல்காரர்களின் போனுக்கு மெசேஜ் போக, மூத்த மகள் லெப்டொப்பில் ஒரு புரோகிராம் எழுதித் தந்தாள். பைதன் என்றாள். ஒவ்வொரு மெசேஜின் கடைசியிலும் ஒரு வரி வைத்தாள்: "தண்ணி பிந்தினா வாப்பாவ ஏசாதீங்க."

போன மாரியில் காய்ச்சல் வந்து அவள் மவுத்தானாள்; அடக்கிவிட்டு வந்தோம். அவளுக்கென்று தொடங்கிய வீடு சுவரோடு நின்றது. மெசேஜ் போய்க்கொண்டிருந்தது. அந்த வரியை எடுக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

ஒரு நாள் காலை மெசேஜ் போகவில்லை. வாய்க்கால் கரையில் ஒரு வயல்காரர் சிரித்தார்.

"என்ன வட்டானை, இண்டைக்கு உங்கள ஏசலாம் போல."

நான் குனிந்து மதகுப் பலகையைத் தூக்கினேன். அது யார் எழுதிய வரி என்று அவருக்கும் பிறகு விளங்கியது. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து இளையவளிடம் கேட்டேன். அவள் படிப்பதும் அதே லெப்டொப்பில்தான். புரோகிராம்கள் எடுத்துப் பாவிக்கும் லைப்ரரி ஒன்றைப் பாடத்துக்காகப் புதிதாகப் போட்டிருக்கிறாள். அதோடு பழையது ஒன்றும் புது வெர்ஷனுக்கு மாறிவிட்டது. மூத்தவளின் புரோகிராமுக்கு அது ஒத்துவரவில்லை.

"அழிஞ்சி போச்சா?"

"இல்ல வாப்பா. ராத்தா எழுதினது அப்படியே இரிக்கி. நான்தான் எல்லாத்தையும் ஒண்டாப் போட்டுட்டன். ஒரு ஊட்டுக்குள்ள ரெண்டு குமரையும் குடிவெச்ச மாதிரி."

எங்கள் ஊரில் பெண் பிள்ளை ஒவ்வொன்றுக்கும் ஒரு வீடு கட்டிக் கொடுத்துத்தான் கலியாணம். அதனால் எனக்கு விளங்கியது.

"அப்ப வேறாக்கு."

வெர்ச்சுவல் என்வைரன்மென்ட் என்று ஒன்றைத் திறந்தாள். மூத்தவளின் புரோகிராமுக்கு ஒன்று, தன் பாடத்துக்கு ஒன்று. அததற்கு வேண்டிய லைப்ரரி அததற்குள்ளேயே இருக்கும். ஒன்றில் எதை மாற்றினாலும் மற்றதில் மாறாது. மூத்தவள் எந்தப் பழைய வெர்ஷனை வைத்திருந்தாள் என்று தெரியவில்லை. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாள். நான் பக்கத்தில் இருந்தேன். தேத்தண்ணி ஆறிப் போனது.

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்ன பிறகு என் போன் சத்தம் போட்டது. கீழ் வாய்க்காலுக்கு முறை என்று வந்திருந்தது. கடைசி வரியும் இருந்தது. இளையவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு தொழப் போனாள்.

இன்னொரு வீடு கட்ட எனக்கு ஏலாது. சுவரோடு நின்ற வீட்டை இளையவளுக்கு முடிக்கச் சொல்லி மேசனோடு கதைத்துவிட்டேன்.

"அது ராத்தாட ஊடு" என்றாள்.

"ஓம்" என்றேன்.

கூரை போட்டாயிற்று. அவள் இன்னும் அந்தப் பக்கம் போகவில்லை.