கீழே இறங்கி வந்த ஐஸ்பெட்டி

போன வருடம் பள்ளி விடுமுறையில் நடந்தது இது. பினாங்கின் ஜார்ஜ்டவுனில் ஜெலுத்தோங் பக்கம், கடல்காற்று தாராளமாக வந்து போகும் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் எட்டாவது மாடி எங்கள் வீடு. சனிக்கிழமை மத்தியானம் அரைத்தூக்கத்தில் கிடந்தேன். காற்றாடி, பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சி, மின்தூக்கியின் முனகல் என்று எப்போதும் காதிலேயே குடியிருக்கும் சத்தங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் நின்றுபோயின. அந்த அமைதியில்தான் கண் விழித்தேன். எங்கோ கடல் கேட்டது. அங்கே குடிவந்த நாளிலிருந்து ஒருநாள்கூட நான் கடலைக் கேட்டதில்லை. ஆகா, என்ன சுகம் என்று மறுபடி கண்ணை மூடினேன். அடுத்த நொடி தூக்கிவாரிப்போட்டது. ஐஸ்பெட்டி!

ஐஸ்பெட்டியின் மேல் உறைதட்டில் என் தாய்ப்பால் இருந்தது. என் மகளுக்கு அப்படி என்ன அவசரமோ, ஏழாம் மாதமே பிறந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தாள். பாலை எடுத்துச் சின்னச் சின்னப் பைகளில் உறைய வைத்து, அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் கொண்டுபோய்க் கொடுப்போம். அதற்கு மேல் வைக்க வார்டில் இடமில்லை. அதற்கு முந்தின வாரம் எனக்குக் கடும் காய்ச்சல். காய்ச்சல் போனது, பாலையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. என்ன செய்தும் சொட்டு வரவில்லை. வேறு பால் அவள் வயிற்றுக்கு இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆக, அந்தப் பைகள்தான் அவளுக்கு இருந்ததெல்லாம். உருகினால் மறுபடி உறைய வைக்கக் கூடாது. ஐஸ்கட்டிக்கு நடுவில் வைத்தாலும் மெல்ல மெல்ல உருகத்தான் செய்யும்.

கணவர் வேலையாக ஜோகூரில். ஒரு மணி நேரமாக நான் போன் செய்த தோழிகள் எல்லாரும் விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தார்கள். அறுவைசிகிச்சைத் தையல் ஆறாததால் கார் ஓட்ட எனக்கு அனுமதியில்லை. நன்றாகத்தான் மாட்டிக்கொண்டேன் என்று நினைத்தபடி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினேன். ஒவ்வொரு மாடியிலும் ஜன்னல் வழியாக வெயில் நீளமாக விழுந்து கிடந்தது. தூக்கத்தில் நடக்கிற மாதிரியே இருந்தது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். நான் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையின் எரிசக்திப் பிரிவில் வேலை செய்கிறேன். மின்சாரம் கொடுக்கிற பக்கத்தையும் செலவழிக்கிற பக்கத்தையும் ஒன்றாக வைத்து எப்படித் திட்டமிடுவது என்று கற்றுக்கொள்ள என்னை ஒரு வகுப்புக்கு அனுப்பியிருந்தார்கள். பிள்ளைத்தாய்ச்சிக்கு ஏர்கான் குளிர் கிடைத்தால் கேட்க வேண்டுமா? பாதி வகுப்பு சொக்கிச் சொக்கி விழுந்தேன். கடைசியில் ஒரு சின்ன இடத்துக்குத் திட்டம் போட்டுத் தரச் சொன்னார்கள். என் குடியிருப்பையே எடுத்துக்கொண்டேன். எந்த வீட்டில் எவ்வளவு செலவு என்று கூட்டினேன். கூட்டிய தொகைக்கு ஏற்ற மாதிரி கூரை முழுக்கச் சூரியத் தகடு, பெரிய பெரிய கம்பிகள். போட்டு முடித்துவிட்டு என் முதுகை நானே தட்டிக்கொண்டேன்.

கீழே கார் நிறுத்துமிடத்தில் ஒரே கூச்சல். மின் அறையில் கம்பி கருகிவிட்டதாம், சரிசெய்யத் திங்கட்கிழமை சாயங்காலம் ஆகுமாம். குடியிருப்புச் சங்கத் தலைவர் ஒரு சீனப் பெரியவர், எல்லாருக்கும் அங்கிள். அவர் எங்கேயோ பேசி ஒரு சின்ன ஜெனரேட்டரை வாடகைக்குப் பிடித்து வந்திருந்தார். தண்ணீர் மோட்டாரை ஓட்டத்தான் அது. ஆனால் ஆளாளுக்கு வீட்டுக்கு மின்சாரம் இழுக்க நீட்டுக் கம்பியோடு வந்து நின்றார்கள். நானும் ஒன்று கொண்டுபோயிருந்தேன். வெட்கமென்ன, எனக்குத்தானே முதலில் வேண்டும்?

"நீ படிச்ச பிள்ளைதானே, சொல்லும்மா, இது எத்தனை வீட்டுக்குத் தாங்கும்?" என்று அங்கிள் மலாயில் கேட்டார். எங்கள் குடியிருப்பில் பொதுப்பேச்சு மலாய்தான். நான் போனில் என் திட்டத்தைத் திறந்து, கூட்டிப் பார்த்து, இது எந்த மூலைக்கும் பத்தாது, இதைப்போலப் பல மடங்கு பெரியது வேண்டும் என்று கறாராகச் சொன்னேன்.

"விடுமுறை நாள்ல பெரிசுக்கு எங்க போவேன்? உன் பையில இருந்தா எடுத்துக் கொடு லா!"

அதற்குள் யார் யாரோ கம்பியைச் செருகிவிட்டார்கள். ஜெனரேட்டர் ரெண்டு தரம் இருமியது, நின்றது. தண்ணீரும் நின்றது. மோட்டார் சைக்கிள்கள் பக்கத்தில் இருந்த கட்டையில் உட்கார்ந்துவிட்டேன். மேலே என் பால் உருகிக்கொண்டிருக்கிறது, நானோ ஒன்றுக்கும் உதவாத ஒரு கூட்டல் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

அப்போதுதான், வகுப்பில் தூக்கக் கலக்கத்தில் காதில் விழுந்த ஒரு பேச்சு மெல்ல மேலே வந்தது. பாடம் எடுத்த பெண், என் வயதுதான் இருக்கும், யாருக்கும் மின்சாரம் வேண்டியதில்லை என்றாள். குளிர்ச்சி வேண்டும், வெளிச்சம் வேண்டும், தண்ணீர் மேலே ஏற வேண்டும். அதைக் கேளுங்கள், அப்புறம் கணக்குப் போடுங்கள் என்றாள். பரவாயில்லை, தூங்கினாலும் காது விழித்துத்தான் இருந்திருக்கிறது.

எழுந்து நின்று எல்லாரிடமும் கேட்டேன், உங்கள் வீட்டில் எது கெட்டுப்போகக் கூடாது? கூச்சல் கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சாகியது. ஒருவருக்கு அப்பாவின் இன்சுலின். எதிர்வீட்டு மலாய்க்காரப் பெண்ணுக்கு, நான் மலாயில் காக், அதாவது அக்கா என்று கூப்பிடுவேன், மறுநாள் விருந்துக்கு வாங்கிய மாட்டிறைச்சி. ஒருவருக்கு மீன். அங்கிளுக்குப் பன்றி இறைச்சி. ஒரு தமிழ் அக்கா தோசை மாவு என்றார். புளிச்சா நல்லதுதானே அக்கா என்று யாரோ சொல்ல, சிரிப்பு வந்தது.

எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. வீட்டுக்கு வீடு கம்பி எதற்கு? அங்கிள் வீட்டில் பெரிய உறைபெட்டி இருக்கிறது. எல்லார் சாமானையும் அதில் போட்டுவிட்டால் ஜெனரேட்டர் தாராளமாகத் தாங்கும்! கணக்கு அச்சு மாதிரி உட்கார்ந்தது. சொல்லிவிட்டுப் பெருமையாகப் பார்த்தேன். ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள்.

காக்தான் என் கையைத் தொட்டு மெதுவாகச் சொன்னார், "கோவிச்சுக்காதே தங்கச்சி. எங்க சாமானை அங்க வைக்க முடியாதுல்ல?"

அலாமா! பினாங்கில் பிறந்து வளர்ந்தவள் நான். பன்றி வைத்த பெட்டியில் அவர்கள் வைக்க மாட்டார்கள், மாடு வைத்த பெட்டியில் எங்கள் வீட்டில் பலர் வைக்க மாட்டார்கள். சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். கணக்குப் பார்க்கிற மும்முரத்தில் மனுஷர்களை மறந்தேபோய்விட்டேன். பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

அந்த நேரம் பார்த்து, படிக்கட்டில் கைகட்டி நின்றிருந்த இரண்டாவது மாடி அக்கா இறங்கி வந்தார். வங்கியில் வேலை, தனியாக இருக்கிறவர், யாழ்ப்பாணத்துப் பரம்பரை, சுத்த சைவம். முன்னே அவருக்கு நேர்மேலே இருந்த வீட்டில் நாங்கள் குடியிருந்தபோது எங்கள் ஏர்கான் தண்ணீர் அவர் காயப்போட்ட சேலையில் சொட்டியதென்று என்னிடம் பேச்சை நிறுத்தியவர். நாங்கள் எட்டாவது மாடிக்கு மாறிய பிறகும் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் போவார்.

"என்ர பெட்டியில மச்சம் மாமிசம் ஏறாது. அதை முதல்ல சொல்லிப்போட்டன்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "எல்லாரையும் கேட்டீர். உமக்கு என்ன கெட்டுப்போகுது?"

அதுவரை நான் யாரிடமும் சொல்லவில்லை. கூட்டத்துக்கு நடுவில் எப்படிச் சொல்வது? கேட்டதும் உடைந்துபோய் அழுதுகொண்டே சொன்னேன். பிள்ளை ஆஸ்பத்திரியில் இருக்கிறாள், இனி எனக்கு வராது, மேலே இருப்பதுதான் எல்லாம் என்றேன்.

அக்கா கூட்டத்தைப் பார்த்து, யாரோ சண்டைக்கு வந்த மாதிரி, "என்ன பாக்கிறீங்கள்? பால் சைவம்தானே!" என்றார்.

காக்குக்கு யாரோ மலாயில் சொன்னார்கள். சிரிப்பும் கண்ணீருமாக அவர் என்னைக் கட்டிக்கொண்டார். அங்கிள் சத்தம் போட்டு நாலு பேரைக் கூப்பிட்டார். அக்காவின் ஐஸ்பெட்டி சாமி ஊர்வலம் மாதிரி நிமிர்ந்தபடியே படியிறங்கி வந்தது. என் பைகளை எடுக்க ஓடியவன் காக்கின் மகன். பை இன்னும் கல்லு மாதிரிதான் இருக்கிறது என்று மூச்சிரைக்கச் சொன்னான். செருகியிருந்த கம்பிகளைப் பிடுங்கியதும் ஜெனரேட்டர் மறுபடி ஓடியது. பால் மேலே, இன்சுலின் கீழே. பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு அக்கா உட்கார்ந்துகொண்டார். கதவைத் தொட வந்தால் போதும், "திறக்காதீங்கோ! குளிர் போயிடும்!"

இறைச்சியெல்லாம் என்னாவது? அதைத் தீர்த்தது காக். "எதுக்கு வச்சுப் பாதுகாக்கணும்? இன்னிக்கே சமைச்சுடுவோம்." எனக்குத் தலையில் தட்டியது போலிருந்தது. எல்லாவற்றுக்கும் குளிர்ச்சி எங்கிருந்து கொண்டுவருவது என்றுதான் நான் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். தேவையையே சாப்பிட்டு முடித்துவிடலாம் என்று தோன்றவேயில்லை.

கார்களை வெளியே எடுத்தார்கள். ஒரு மூலையில் காக்கின் அடுப்பு, எதிர்மூலையில் அங்கிளின் அடுப்பு, நடுவில் எங்களுடைய மீன்குழம்பு. அந்தந்தச் சட்டி, அந்தந்தக் கரண்டி. தண்ணீர் மோட்டார் ஓடும்போது ஐஸ்பெட்டிக்கு ஓய்வு, மோட்டார் நின்றதும் ஐஸ்பெட்டி என்று முறை வைத்தேன். அவ்வளவுதான் என் திட்டம். சின்ன ஜெனரேட்டர் பூனை மாதிரி உறுமிக்கொண்டு கிடந்தது. கடல்பக்கம் வானம் செவ்வந்தி நிறமாகி, பிறகு சாம்பலாகியது. மூன்று சமையல் வாசனையும் காற்றில் ஒன்றாகிப் போயின, வாசனைக்கு மட்டும் யாரும் தடை போடவில்லை. யாரோ என் மடியில் ஒரு தட்டை வைத்தார்கள். நான் சாப்பிட்டேனா, தூங்கினேனா, தெரியவில்லை. கண் திறக்கும்போதெல்லாம் அக்கா அந்த நாற்காலியில் இருந்தார்.

"போய்ப் படும் பிள்ளை, நான் இருக்கிறன்" என்றார் ஒருமுறை. பிள்ளை பிறந்த நாளிலிருந்து அன்றுதான் நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் காலை கணவர் வந்து, அன்றைய பைகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். மற்றவை, கம்பி சரியாகி எங்கள் வீட்டுக்குத் திரும்பும்வரை, ஒன்றுகூட இளகவில்லை. தாதி சின்னக் குழாய் வழியாகப் பாலை விட்டபோது என் மகள் தூக்கத்திலேயே வாயைச் சப்புக்கொட்டினாள். கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு பார்த்தேன். அது என் பால் மட்டுமாக எனக்குத் தோன்றவில்லை.

இப்போது அவள் வீடு முழுக்கத் தவழ்கிறாள். நான் வேலைக்குத் திரும்பிவிட்டேன், பெரிய பெரிய திட்டங்கள் மேசைக்கு வருகின்றன. தேவை என்று எழுதி ஓர் எண் போட்டிருந்தால், அதற்குள்ளே யாருடைய பிள்ளைக்கான பால் உறைந்திருக்கிறதோ என்று ஒரு நிமிடம் யோசிக்காமல் என் கை அடுத்த பக்கத்தைப் புரட்டுவதில்லை.