ஆறு பேர் எழுதிய நாலு பக்கம்

ஆராய்ச்சிக் கட்டுரைக்கு மேலே இருக்கும் பெயர்களைக் கல்யாணப் பத்திரிகை மாதிரி அடுக்கிவிட்டால் யாருக்கும் ரத்தம் வராது என்று நான் நம்பினேன். பெரியவர் மேலே, சின்னவர் கீழே. இதில் சண்டைக்கு என்ன இருக்கிறது? அப்படித்தான் நினைத்தேன். முனைவர் பட்டம் வாங்கியவன் வேறு.

நம்பியதற்குக் காரணம் உண்டு. திண்டிவனத்தில் தமிழ் வாத்தியாராக இருந்தால் கல்லூரியில் பாடம் நடத்துவது பாதி வேலை. மீதி, ஊரார் கொண்டுவரும் கல்யாணப் பத்திரிகையைப் பிழை பார்த்துக் கொடுப்பது. மயிலத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்துக் கல்யாணத்துக்கு அப்படிப் பார்த்துக் கொடுத்தேன். ஒற்றுப்பிழை ஒன்றுகூட இல்லை. ஆனால் பெண்ணின் தாய்மாமன் பெயர் சித்தப்பன் பெயருக்குக் கீழே போயிருந்ததை நான் கவனிக்கவில்லை. மாமன் தாலி ஏறும்வரை வாயைத் திறக்கவில்லை. மேளம் அடங்கியதும் மண்டபத்து இரும்பு நாற்காலியை நிதானமாக மடக்கினார். அது பெண்ணுடைய அப்பாவின் மண்டையில் இறங்கியபோது சத்தம் பெரிதாக இல்லை. அதுதான் பயமாக இருந்தது. ரத்தம் சந்தனக் கிண்ணத்துக்குள் சொட்டியது.

“பத்திரிகைய பாத்தவன் எவன்டா?” என்று ஒரு குரல்.

பார்த்தவன் பந்தியில் ரசம் சாதத்தில் இருந்தான். எச்சில் கையோடு எழுந்து, சமையல்கட்டுக்குள் புகுந்து, பின்பக்கம் நிலக்கடலை போட்டிருந்த மல்லாட்டைக் கொல்லையில் இறங்கி, மெயின் ரோடு வந்துதான் நின்றான். கையில் அப்பளம் அப்படியே இருந்தது. அதைச் சாப்பிட்டுக்கொண்டேதான் பஸ் ஏறினேன்.

அன்றிலிருந்து பெயர் வரிசை என்றாலே எனக்கு மண்டை ஓடு ஞாபகம் வரும்.

இந்த நிலையில் என்னைப் பிடித்து ஒரு ஆய்விதழுக்குப் பதிப்பாசிரியர் ஆக்கினார்கள். விழுப்புரம் சாலையில் இருக்கிறது எங்கள் கல்லூரி. எல்லாத் துறையும் சேர்ந்து கருத்தரங்கு நடத்தி, அந்தக் கட்டுரைகளை விழுப்புரத்திலிருந்து வரும் ஒரு ஆய்விதழின் சிறப்பிதழாகப் போடுவது என்று முடிவாயிற்று. “ஐயா, நீங்கதான் எடிட்டர். பிழை இல்லாம வரும்” என்றார் பிரின்சிபால். மற்ற துறைக்காரர்கள் எல்லாம் சார். தமிழ்த்துறைக்காரன் மட்டும் ஐயா. மாட்டிக்கொள்வதும் ஐயாதான்.

கட்டுரைகள் வந்து குவிந்தன. அதுவரை ஆராய்ச்சி என்றால் நாங்கள் செய்வதுதான் என்று நினைத்திருந்தேன். எங்கள் துறையில் ஒரு கட்டுரைக்கு ஒரு ஆள். மேடையில் படிப்போம், பொன்னாடை போர்த்துவார்கள். படித்தது சரியா என்று யாரும் கேட்கமாட்டார்கள். கேட்டால் அடிதடி. வரலாற்றுத் துறைக்காரர் கட்டுரையில் மேலே எல்லாரையும் ‘அறிஞர்’ என்று கும்பிட்டுவிட்டு, கீழே அடிக்குறிப்பில் பொடி எழுத்தில் ஒவ்வொருவராகக் கழுத்தை அறுத்திருந்தார். கணக்குத் துறைக் கட்டுரை இரண்டே பக்கம். அதில் எனக்குப் புரிந்த ஒரே சொல் ‘ஆகவே’. அதற்கு முன்னாலும் புரியவில்லை, பின்னாலும் புரியவில்லை.

கெமிஸ்ட்ரிக்காரர் வேறு ரகம். வெளிநாட்டு ஆய்விதழ் ஒன்று அவருடைய வேறொரு கட்டுரையைத் திருப்பி அனுப்பியிருந்தது. பெயர் சொல்லாத மதிப்பீட்டாளர் ஒருவர், பரிசோதனை தப்பு, முடிவு தப்பு, இங்கிலீஷும் தப்பு என்று மூன்று பக்கம் அடித்திருந்தார். அதை எனக்கு ஏதோ பேரன் போட்டோ மாதிரிக் காட்டினார்.

“பாருங்க ஐயா, எப்டி வெளுத்துருக்கான்!”

“யாரு சார் அவன்?”

“தெரியாது. கண்டுபுடிக்கவும் கூடாது. சொன்னதெல்லாம் திருத்தி மறுபடி அனுப்பணும்.”

“நேர்ல பாத்தா?”

“பாத்தா டீ வாங்கித் தரணும். நல்லா படிச்சிருக்கான்.”

எனக்கு அப்படி ஒருத்தன் எழுதியிருந்தால், அவன் விழுப்புரம்–திண்டிவனம் பஸ் ரூட்டில்தான் எங்கேயோ இருக்கிறான் என்று நினைத்து ஊர் ஊராக இறங்கித் தேடியிருப்பேன்.

கடைசியாகத் தாவரவியல் கட்டுரை. மல்லாட்டைக் கொல்லையில் முளைக்கும் களைகளைப் பற்றியது. நாலு பக்கம். மேலே ஆறு பெயர். நாலு பக்கத்துக்கு ஆறு பேரா! ஆளுக்கு ஒரு பக்கம்கூட வரவில்லையே. முதல் பெயர் ஓர் ஆராய்ச்சி மாணவியுடையது. ஓய்வுபெறப்போகும் துறைத்தலைவர் நடுவில் எங்கேயோ நசுங்கிக் கிடந்தார். அவளுடைய கைடு எல்லாருக்கும் கடைசியில். எனக்கு உடனே இரும்பு நாற்காலி மடங்கும் சத்தம் கேட்டது. அவரவர் ஆபீசுக்குப் போன் போட்டு யார் எந்த வருஷம் வேலையில் சேர்ந்தார்கள் என்று கேட்டு, சீனியாரிட்டிப்படி அடுக்கினேன். தலைவர் மேலே, அடுத்தது கைடு, அப்படியே இறங்கி மாணவி கடைசியில். அந்த வேகத்தில் பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி எல்லாவற்றையும் அடுக்கினேன். அச்சுப்படியை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். எல்லாரும் கும்பிடு போட்டார்கள். ஒருத்தரும் திறந்து பார்க்கவில்லை. ஒரு கொலையைத் தடுத்த மனநிறைவோடு தூங்கினேன்.

விழுப்புரம் அச்சகத்திலிருந்து கட்டு வந்த அன்று, கருத்தரங்கக் கூடத்தில் ஆளுக்கொரு பிரதி கொடுத்தோம். பக்கம் புரளும் சத்தம் நின்றது. பிசிக்ஸில் இருவர், பத்து வருஷமாக ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிடுகிறவர்கள். வயதானவர் பெயர் இப்போது முதலில். “நீ சொல்லித்தானே மாத்துனான்?” என்று இளையவர் சட்டைக் காலரைப் பிடித்தார். “ஒழைச்சவன் நான், பேரு உனக்கா?” பெரியவர் தள்ளினார். இளையவர் அன்று கொடுத்த நினைவுப் பரிசை எடுத்து வீசினார். கண்ணாடிச் சட்டம் பெரியவர் காதோரம் உடைந்தது. வெள்ளைச் சட்டையின் தோள்பட்டை சிவந்துகொண்டே போனது. நான் நாற்காலிகளை எண்ண ஆரம்பித்தேன். நல்லவேளை, பிளாஸ்டிக்.

கணக்குக்காரர் மட்டும் நிதானமாக வந்தார். “நாங்க எப்பவுமே அகரவரிசைதான் ஐயா. நீங்க மாத்தி, நான்தான் பெரிய வேலை பண்ணேன்னு ஆக்கிட்டீங்க. வெக்கமா இருக்கு.”

கெமிஸ்ட்ரிக்காரர் என்னை மூலைக்கு இழுத்துப் போனார். “ஐயா, எங்க சயின்ஸ் பக்கம் மொதப் பேரு வேலை செஞ்சவன். கடைசிப் பேரு கைடு. நடுவுல இருக்கறவங்க மிஷின் குடுத்தவங்க, மரியாதைக்குப் போட்டவங்க. நீங்க பண்ணி வெச்சதுல அந்த பாட்டனிப் பொண்ணு கைடு ஆயிட்டா. அவங்க ஹெட்டு ஸ்டூடன்ட் ஆயிட்டாரு.”

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

“மொதப் பேரா ஒரு கட்டுரை அச்சுல வந்தாத்தான் அவ ஆய்வேட்டைக் குடுக்க முடியும். இந்த மாசத்தோட கெடு முடியுது. இனிமே நீட்டிப்பு கிடையாது. ஆறு வருஷமும் போச்சு.”

திரும்பிப் பார்த்தேன். அந்தப் பெண் இதழை மூடி மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் தைரியமாக இருந்திருக்கும்.

மறுநாள் கேட்டில் வாட்ச்மேன் நிறுத்தினார். “ஐயா, அந்தப் பொண்ணோட அண்ணன் வந்தாரு. வானூர் பக்கம் சென்ட்ரிங் மேஸ்திரியாம். உங்க வூடு எங்கன்னு கேட்டுக்கினு இருந்தாரு.”

“கையில எதுனா இருந்துச்சா?”

“கம்பி இருந்துச்சி. வண்டியில கட்டிக்கினு இருந்தாரு.”

அதோடு என் தூக்கம் ஒழிந்தது. வீட்டில் மனைவியிடம், யார் வந்து கேட்டாலும் நான் ஊரில் இல்லை என்றேன். விஷயத்தைக் கேட்டுவிட்டு அவள் சொன்னாள்: “உங்கள அடிக்க ஒருத்தன் வானூர்லேர்ந்து பெட்ரோல் போட்டுக்கினு வருவானா?” ஆறுதலா அவமானமா என்று தெரியவில்லை. ஹெல்மெட் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். “சார், வண்டிய நாங்கதான் ஓட்டறோம்” என்றார் கண்டக்டர். ஜன்னலுக்கு வெளியே பார்த்தால் வழிநெடுகக் கட்டடம் கட்டுகிறார்கள். கண்ணில் பட்டவன் எல்லாம் கம்பியோடு நிற்கிறான். இத்தனை பேரா என்னைத் தேடுகிறார்கள்!

செத்தாலும் திருத்தம் போட்டுவிட்டுச் சாவோம் என்று விழுப்புரத்துக்குப் போய் இதழின் முதன்மை ஆசிரியரைப் பார்த்தேன். பெயர் வரிசையை மாற்றித் திருத்தச் சீட்டு ஒட்டலாம், ஆனால் ஆறு பேரும் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்றார். மாணவி போட்டாள். கைடு போட்டார். மிஷின் கொடுத்த புதுச்சேரிக்காரரும், நடுவில் இருந்த இன்னொருவரும், அடுத்தவரும்கூடப் போட்டார்கள். ஐந்து ஆயிற்று. ஆறாவது துறைத்தலைவர்.

நானும் அவளும் அவர் அறைக்குப் போனோம். யாரோ வண்டியில் கொண்டுவந்து இறக்கிவிட, அவள் கொல்லையிலிருந்து நேராக வந்திருந்தாள். செடியைக் காகிதத்துக்கு நடுவே வைத்து நசுக்கிக் காயவைக்க, வார் போட்டு இறுக்கிய இரண்டு கனத்த மரப்பலகை வைத்திருப்பார்கள். அது அவள் கையில் இருந்தது.

“முடியாது” என்றார் தலைவர். “யோவ் தமிழு, முப்பது வருஷமா என் பேரு நடுவுலயே கெடந்துச்சி. இப்பதான் மேல வந்துருக்கு. ரிட்டையர் ஆவப்போற நேரத்துல எறக்கச் சொல்றியா?”

“சார், அது நான் தெரியாம...”

“தெரியாம போட்டாலும் அச்சுல வந்தா வந்ததுதான்.”

எனக்கே பாவமாகப் போய்விட்டது. ஆனால் அந்தப் பெண் கேட்டாள்: “அந்தக் கொல்லையில ஒவ்வொரு களையும் நான் குனிஞ்சி புடுங்கனது சார். நீங்க ஒரு நாளாச்சும் வரப்புல நின்னீங்களா?”

“நாலு செடிய காயவெச்சவளுக்கு இன்னா வாய் பாரு!”

சொல்லிக்கொண்டே ஐந்து கையெழுத்து இருந்த தாளைக் கிழித்தார். அவள் பிடுங்கப் பாய்ந்தாள். அவர் பக்கத்தில் இருந்த கண்ணாடி ஜாடியை எடுத்து எறிந்தார். ஏதோ கிழங்கு பார்மலினில் ஊறிக்கொண்டிருந்த ஜாடி. அது அவள் நெற்றியை உரசிக்கொண்டு போய்ச் சுவரில் வெடித்தது. மருந்து நெடி கண்ணில் ஊசி ஏற்றியது. அவள் புருவத்திலிருந்து ரத்தம் கோடாக இறங்கியது. அவள் அதைத் துடைக்கக்கூட இல்லை. மேஜைமேல் கிழிந்த தாளின்மேல் இருந்த அவருடைய வலது கையைப் பார்த்தாள். இரண்டு கையாலும் பலகையைத் தூக்கி இறக்கினாள்.

விரல் முறிந்தால் வெளியே கேட்கும் என்பது எனக்கு அன்றுதான் தெரியும்.

அவர் அலறினார். அவள் மறுபடி ஓங்கினாள். இந்த முறை தலைக்கு. அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு ஒருவன் உள்ளே வந்தான். கறுத்த, அகலமான ஆள். உள்ளங்கையெல்லாம் சிமென்ட். அண்ணன்! நான் மேஜைக்கும் அவனுக்கும் நடுவில் அகப்பட்டுக்கொண்டேன். அவன் கை என் முகத்துக்கு நேரே நீண்டது. வேறு வழி தெரியவில்லை. கடித்துவிட்டேன். ஐம்பத்தைந்து வயதில், இலக்கணம் நடத்துகிறவன், ஒரு மேஸ்திரியின் கையைப் பல் பதியக் கடித்தேன். அவன் உதறிய முழங்கை என் மூக்கில் இறங்கியது. கீழே உட்கார்ந்தேன். வாய்க்குள் உப்பும் சிமென்டும்.

என்னைத் தாண்டிப் போய் அவன் தங்கையைத்தான் பிடித்தான். “வுடு பாப்பா, வுடு! செத்துருவான்! ஜெயிலுக்குப் போறதுக்கா படிக்க வெச்சேன்?” பலகையைப் பிடுங்கி மூலையில் எறிந்தான். அவள் அவனையும் அடித்தாள். கழுத்தில், மார்பில், கை ஓயும்வரை. அவன் வாங்கிக்கொண்டே நின்றான்.

பிரின்சிபால் வந்து கதவைச் சாத்தினார். எங்கள் ஊர் வழக்கப்படி போலீஸ் ஸ்டேஷனுக்குப் போவதற்கு முன்னால் ஒரு பஞ்சாயத்து. “மருந்து ஜாடிய பொண்ணு மேல அடிச்சது நீங்க. கைய ஒடைச்சது அவ. ரெண்டு பேர் மேலயும் கேஸ் வரும். உங்க பென்ஷன் நிக்கும், அவ படிப்பு நிக்கும். இன்னா சொல்றீங்க?” தலைவர் வீங்கிய கையை மடியில் வைத்துக்கொண்டு கிழிந்த தாளைப் பார்த்தார். பிறகு, சம்மதத் தாளைப் புதுசாகத் தட்டச்சுப் பண்ணி எடுத்து வரச் சொன்னார்.

தலைவரைக் காரில் ஏற்றி அனுப்பினார்கள். எங்கள் மூவருக்கும் ஒரே ஆட்டோ, திண்டிவனம் ஆஸ்பத்திரிக்கு. அவளுக்கு நெற்றியில் தையல், எனக்கு மூக்கில் பஞ்சு, அண்ணனுக்குத் தடுப்பூசி. ஊசி போட்ட கையைத் தேய்த்துக்கொண்டே அவன் கேட்டான்: “எதுக்குங்க ஐயா கடிச்சீங்க?”

“நீங்க என் வீட்டைத் தேடினீங்களே?”

“எடிட்டர் வூடு தெரிஞ்சா, நேர்ல போயி ஜல்தியா மாத்திக் குடுக்கச் சொல்லிக் கால்ல வுழலாம்னுதான் கேட்டேன்.”

“கம்பி?”

“வேலைக்குப் போய்க்கினு இருந்தேன்.”

திருத்தச் சீட்டு அந்த வாரமே அச்சானது. ஒவ்வொரு பிரதியிலும் நானே பசை தடவி ஒட்டினேன். அதற்கு முன்பே சம்மதத் தாளில் மற்ற ஐவரும் மறுபடி கையெழுத்துப் போட்டிருந்தார்கள். வலது கையில் மாவுக்கட்டு இருந்ததால், தாவரவியல் துறைத்தலைவர் இடது கைப் பெருவிரலில் மை தடவி ரேகை வைத்திருந்தார். பிரின்சிபால் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருந்தார். கெடு முடிவதற்கு முன்னால் அந்தப் பெண் ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டாள்.