எஞ்சினுக்குப் பேதி கொடுத்தேன்

எங்கள் மலைக்கு ரோடு கிடையாது. அதனால் வெள்ளைக்காரத் துரை விற்ற பழைய காரை அடிவாரத்துச் சேந்தமங்கலத்திலேயே விட்டுவிட்டு, எஞ்சினை மட்டும் மூங்கிலில் கட்டி எட்டுப் பேர் தூக்கிவந்தோம். வீட்டில் அதுதான் ராகி அரைக்கிறது.

அரைத்தது. மழையில் துருப்பிடித்து இறுகிவிட்டது. நாளை மாமனார் வீட்டு ஆட்கள் பத்துப் பேர் விருந்துக்கு வருகிறார்கள்.

பிளக்கைக் கழற்றி, ஓட்டைக்குள் விளக்கெண்ணெய் ஊற்றி, மூன்று நாள் ஊறவைத்தேன். இன்று காலை எஞ்சினைச் சுற்றிக் கிளப்பும் ஹேண்டிலைப் பிடித்துத் தொங்கியும் பார்த்தேன். அசையவில்லை.

பக்கத்து வீட்டுச் சடையன் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, பேதிக்கு எண்ணெ குடுத்தீங்களே, மேல சுடுதண்ணி குடுத்தீங்களா?"

வந்த ஆத்திரத்தில், குளிக்கக் கொதிக்கவைத்த வெந்நீர் முழுவதையும் எஞ்சினைக் குளிர்விக்கத் தண்ணீர் ஓடும் வழியில் ஊற்றினேன். கொஞ்ச நேரம் கழித்து ஹேண்டிலைத் திருப்பினால், கடக்கென்று சுற்றியது.

சடையன், "அதானுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பிளக்கை மாட்டி, எஞ்சினை ஓடவிட்டு, ராகி மூட்டையைத் தேடினேன்.

"நேத்தே திருகையில அரைச்சுட்டனுங்க," என்றாள் மனைவி.

எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிறது. நிறுத்தப் பயமாக இருக்கிறது. அரைக்காத ராகி வைத்திருப்பவர்கள் தயவுசெய்து உடனே வரவும்.