விமானத்தில் ஏறிய தலையணை

நான் எழுத உட்காரும் நாற்காலியில் ஒரு தலையணை கிடக்கிறது. கல்லைப் போல இருக்கும். முதுகுவலிக்காக என்று விருந்தாளிகளிடம் சொல்லிவைத்திருக்கிறேன். உண்மையில் எங்கள் வீட்டிலிருந்து வானத்துக்குப் போனவை இரண்டே. ஒன்று அக்கா, இன்னொன்று இந்தத் தலையணை.

எண்பதுகளின் கடைசியில் ஆவடி குவார்ட்டர்ஸில் இருந்தோம். அப்பா டாங்கித் தொழிற்சாலையில் ஃபோர்மேன். தரையை விட்டு ஓர் அங்குலமும் எழும்பாத வண்டிகளோடு வாழ்ந்தவரிடம் போய், விமானம் ஓட்டக் கற்கப்போவதாக அக்கா சொன்னாள். "தரையில ஓடறதுக்கு எத்தனையோ வண்டி இருக்கேம்மா" என்றார். மறுநாள் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டார்.

அக்கா குள்ளம். இரண்டு பேர் அமரும் அந்தப் பயிற்சி விமானத்தில் இருக்கையை உயர்த்த வழியில்லை; உட்கார்ந்தால் விமானத்தின் மூக்கு ஓடுபாதையை மறைத்தது. அம்மா இலவம்பஞ்சை அடைத்துத் தலையணை தைத்துக் கொடுத்தாள். அதை அணைத்துக்கொண்டு அக்கா ஆவடியில் ரயிலேறி, சென்ட்ரலில் இறங்கி, எதிரே பார்க் ஸ்டேஷனில் மீனம்பாக்கத்துக்கு வண்டி பிடிப்பாள். பக்கத்தில் பெரியாஸ்பத்திரி. கையில் தலையணையோடு அங்கே நிற்கும் பெண்ணைப் பார்த்தால், உள்ளே யாரோ படுத்திருக்கிறார்கள் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஸ்டேஷன் வாசல் பூக்காரம்மா தினமும் கேட்பாள்: "இன்னாம்மா, இன்னிக்கி எப்டி கீது?" மறுத்துச் சொல்ல நேரமில்லாமல் அக்கா, "பரவால்லக்கா" என்று ஓடுவாள்.

பரவாயில்லை என்பதும் முழு உண்மையில்லை. அக்கா அழகாக மேலே ஏறுவாள், இறங்குவதுதான் வராது. தரையிலிருந்து ஓராள் உயரத்தில் மூக்கை மெல்லத் தூக்க வேண்டுமாம். அக்கா முன்னதாகத் தூக்குவாள் அல்லது மறந்துபோய்த் தாமதமாகத் தூக்குவாள். விமானம் தவளையாகிக் குதிக்கும். வீட்டில் முக்காலியில் உட்கார்ந்து, கால்களுக்கு இரண்டு மணைப்பலகை, கையில் மத்து என்று பயிற்சி நடக்கும். நான்தான் கட்டுப்பாட்டுக் கோபுரம். பிளஸ் டூ தேர்வை நெருங்கிக்கொண்டிருந்த எனக்கு அது ஒரு கௌரவமான சாக்கு.

கடைசியில் பயிற்சியாளர், முன்னாள் விமானப்படைக்காரர், கெடு வைத்தார். "சனிக்கிழமை மூணு தடவை ஒழுங்கா இறக்கிக் காட்டும்மா. இல்லேன்னா இதை விட்டுடலாம்."

வியாழக்கிழமை அக்கா சாப்பிடவில்லை. அந்தத் தலையணையைப் போட்டு உட்கார்ந்து நான் இயற்பியல் படித்தேன், அதாவது ஜன்னல் வழியாக எதிர்வீட்டு கிரிக்கெட்டைப் பார்த்தேன். அரை மணியில் பந்து வீசுபவனின் தலை மட்டும்தான் தெரிந்தது. ஆட்டம் அங்கேயேதான் நடந்தது, நான்தான் இறங்கியிருந்தேன்.

"அக்கா, பஞ்சு அமுங்குது" என்றேன்.

அவள் தலையணையை எடுத்து அமுக்கிப் பார்த்தாள். ஏறும்போது உயரமாக இருந்தவள், இறங்கும் நேரத்தில் மறுபடி குள்ளமாகிவிடுகிறாள். "இத்தனை நாளா கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தேன்டா" என்றாள். "நான் மட்டமான ஆளுன்னே நெனச்சுட்டேன்."

அம்மா அன்றே பழைய மெத்தையைப் பிரித்துத் தேங்காய்நாரை எடுத்துத் திணித்துத் தைத்தாள். "குத்தும்டி" என்றாள். "குத்தட்டும். தூங்கவா போறேன்?" என்றாள் அக்கா.

சனிக்கிழமை அம்மாவும் நானும் வேலியோரம் நின்றோம். மூன்று முறையும் சக்கரம் தரையைத் தொட்டது தெரியவே இல்லை. பயிற்சியாளர் இறங்கிக் கதவைச் சாத்தினார். விமானம் அக்காவோடு மட்டும் கிளம்பியது. அம்மா கண்ணை மூடிக்கொண்டு, "வந்துட்டாளா, வந்துட்டாளா" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அக்கா ஒரு சுற்றுச் சுற்றி வந்து இறங்கினாள்.

முதல்முறை தனியே பறந்தவர் தலையில் ஒரு பக்கெட் தண்ணீரைக் கொட்டுவது அங்கே வழக்கம். தலையணையோடு சேர்த்துக் கொட்டினார்கள். குழாயடியில் குடம் வைத்துக் காத்திருந்தே பாதி வயதைக் கழித்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "அரை பக்கெட் போதாதா சார்?"

திரும்பும்போது பார்க் ஸ்டேஷனில் பூக்காரம்மா ஈரத் தலையணையையும் அக்காவின் முகத்தையும் பார்த்தாள். "ஊட்டுக்கு அனுப்ட்டாங்களா?"

"அனுப்பிட்டாங்கக்கா."

"நான் வேண்டிக்கினேன் இல்ல" என்று இரண்டு முழம் மல்லிகையை அக்காவின் தலையில் வைத்தாள்.

அக்கா இப்போது பெரிய விமானங்களின் கேப்டன். பொத்தானை அழுத்தினால் இருக்கையே உயருமாம். போன மாதம் வந்தவள் என் நாற்காலியில் உட்கார்ந்து, ஜன்னல் வழியே தெருக்கோடிவரை பார்த்தாள். "இன்னும் குத்துதுடா" என்றாள். எழுந்திருக்கவில்லை. நான் நின்றுகொண்டே காபி குடித்தேன்.