டோக்கன் அக்காவுக்கு ஒரு இடம்

திரைச்சீலை தைக்கிற அம்மா வீடு எது என்று கேட்டால் அந்தத் தெருவில் யோசிப்பார்கள். டோக்கன் அக்கா வீடு என்று கேளுங்கள், தெருநாய்கூட முன்னால் ஓடி வழி காட்டும். நூலகத்தில் சொற்பொழிவோ, இலவசக் கண் பரிசோதனையோ, அருங்காட்சியகத்தைச் சுற்றிக் காட்டுகிறார்களோ, எதுவானாலும் சரி. ‘முன்பதிவு’ என்ற சொல் காதில் விழுந்தால் தையல் மிஷின் பாதித் தையலில் நின்றுவிடும், கை செல்போனுக்குப் போய்விடும். தனக்கு மட்டுமா? தெருவுக்கே அவள்தான் பதிவு செய்வாள்.

பதிவு செய்வதோடு விட்டால் அது டோக்கன் அக்கா இல்லை. அன்றைக்குக் காலையில் ஒவ்வொருவரையும் கூப்பிடுவாள். “எந்திரிச்சாச்சா? பல்லு விளக்கியாச்சா? செருப்பு மாட்டுற சத்தம் எனக்குக் கேக்கணும்” என்று உயிரை எடுப்பாள். திட்டிக்கொண்டே போவார்கள், போய்விட்டு வந்து வாழ்த்துவார்கள். அவள் பதிவு செய்து போகாதவர் என்று தெருவில் யாரும் கிடையாது, ஒரே ஒருவரைத் தவிர. அது அவள் கட்டிக்கொண்ட மகராசன்.

அவர் எலக்ட்ரீசியன். ஊரார் வீட்டு விளக்கையெல்லாம் எரிய வைப்பார், இவள் வயிற்றையும் சேர்த்து. பல் மருத்துவர், ரத்தப் பரிசோதனை, பூங்கா நடைப்பயிற்சி என்று கல்யாணமான நாளிலிருந்து அவருக்குப் பதிவு செய்துகொண்டே இருக்கிறாள். ஒன்றுக்காவது போயிருக்க வேண்டுமே! போன வாரம் கண் பரிசோதனைக்கும் டிமிக்கி கொடுத்துவிட்டார். அன்றைக்கு அவளுக்கு வந்ததே கோபம்.

“உங்களுக்குப் பதிவு பண்றதுக்கு இந்தக் கதவுக்குப் பண்ணலாம். அதாச்சும் ஆடி அசையும்!”

மனிதர் டெஸ்டரைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டார்.

இதற்கிடையில்தான் நகராட்சி நீச்சல் குளத்தில் பெரியவர்களுக்கு வகுப்பு என்று அறிவிப்பு வந்தது. டோக்கன் அக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை. சின்ன வயதில் அண்ணன்மார் நீந்துவதைக் கம்பி வேலிக்கு வெளியே நின்று, அவர்களுடைய சட்டைகளைப் பிடித்துக்கொண்டு பார்த்தவள் அவள். தண்ணீரில் இறங்க வேண்டும், ஒரு தடவையாவது கால் தரையை விட்டுக் கிளம்ப வேண்டும் என்ற ஆசை அவளோடு கூடவே வளர்ந்து நரையும் கண்டுவிட்டது.

பதிவு திறந்ததும் பாய்ந்தாள். ஆனால் பழக்க தோஷம் யாரை விட்டது? கை தானாகப் புருஷன் பெயரைத்தான் முதலில் தட்டியது. அடுத்து, கேட்டிருந்தாரே என்று கொழுந்தனார். அடுத்து, பாவம் முதுகுவலி என்று மருந்துக்கடைக்காரி. அப்புறம் எதிர்வீட்டுத் தம்பதி. கடைசியில் தன் பெயரைப் போட்டபோது இடம் தீர்ந்துவிட்டது. காத்திருப்புப் பட்டியலில் முதல் ஆள் என்று பதில் வந்தது. ஊருக்கெல்லாம் சகுனம் சொன்ன பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்த கதைதான்.

புருஷன் பெயரை ரத்து செய்திருக்கலாமே என்பீர்கள். தான் போட்ட பதிவைத் தானே அழிப்பதா? அது அவள் சரித்திரத்திலேயே இல்லை. தவிர, எதற்காக ரத்து செய்ய வேண்டும்? வகுப்பு தொடங்கும்போது வராதவர் இடம் காத்திருப்பவருக்குப் போகும் என்பது விதி. அந்த மனுஷன் எங்கே வரப்போகிறார்!

வகுப்பு நாள் காலையில் வழக்கம்போல எல்லோரையும் கூப்பிட்டாள். தூங்குமூஞ்சிக் கொழுந்தனாரை இரண்டு தடவை கூப்பிட்டாள். “கிளம்பிட்டேன் அண்ணி, விடுங்க அண்ணி” என்று அவர் கெஞ்சினார். பக்கத்து அறைக் கதவு சாத்தியே கிடந்தது, புருஷனை மட்டும் எழுப்பவில்லை. துண்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு, பாலுக்குப் போகிற பூனை மாதிரி அடிமேல் அடி வைத்து வாசலுக்கு வந்தாள்.

வாசலில் புருஷன் நின்றார். குளித்து, முகம் மழித்து, தோளில் துண்டோடு.

“செல்லுக்குச் செய்தி வந்துச்சு. இனிமே நீ எதுக்குப் பதிவு பண்ணாலும் வரேன். கதவுன்னு சொல்லிட்டியேம்மா, மனசு கேக்கல.”

அட கடவுளே! இத்தனை வருஷம் இல்லாமல் இன்றைக்கா இந்த ஞானோதயம்? அவளுக்கு அழுகை வந்தது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்தால் சந்தோஷமாகவும் இருந்தது. எதற்காக அழுகை, எதற்காகச் சந்தோஷம் என்று பிரித்துப் பார்க்க நேரமில்லை. வாயை மூடிக்கொண்டு கூடவே நடந்தாள்.

குளத்து வாசலில் பயிற்சியாளர் அம்மா பெயர்களை வாசித்தார். கொழுந்தனார் கொட்டாவியோடு கை தூக்கினார். எதிர்வீட்டுத் தம்பதி, மருந்துக்கடைக்காரி, எல்லோரும் ஆஜர். டோக்கன் அக்கா எழுப்பிவிட்டு வராமல் இருப்பார்களா?

“நீங்கதான் வெயிட்டிங்ல முதல் ஆளா?” என்று பயிற்சியாளர் அவளைப் பார்த்தார். “கஷ்டம்மா. ஒருத்தர் பேருதான் பாக்கி. அவர் வரலன்னாதான்.”

புருஷன் திரும்பி அவளைப் பார்த்தார். அவள் கம்பி வேலியைப் பார்த்தாள்.

“அதான் இன்னைக்கு என்னை எழுப்பலையா?”

அவளுக்கு முகம் செக்கச் சிவந்துபோனது. பையை மார்போடு அணைத்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டாள். அவரோ விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடிப்பதற்குள் பயிற்சியாளர் அவர் பெயரை வாசித்துவிட்டார்.

“அவர் வரலைங்க” என்றார் புருஷன்.

“வரலையா? அப்ப நீங்க யாரு?”

“நானேதான். ஆனா நான் வரல. இவ பதிவு பண்ணி நான் எதுக்குமே வந்ததில்ல, வேணும்னா தெருவுல கேட்டுப் பாருங்க.”

“ஆமாங்க, எங்கண்ணன் வரவே மாட்டார்!” என்று கொழுந்தனார் சாட்சி சொன்னார். பயிற்சியாளர் சிரிப்பை அடக்கிக்கொண்டு பெயரை அடித்துவிட்டு, காத்திருப்புப் பட்டியலின் முதல் பெயரைக் கூப்பிட்டார்.

தண்ணீர் சில்லென்று இருந்தது. டோக்கன் அக்கா ஓரக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பயிற்சியாளர் சொன்னபடி உடம்பை நீட்டினாள். முதலில் ஒரு கால் கிளம்பியது. அப்புறம் மறு காலும் கிளம்பியது. “ஐயோ, மிதக்குறேன்!” என்று கத்தினாள். குளமே திரும்பிப் பார்த்தது.

கம்பி வேலிக்கு வெளியே அவளுடைய செருப்பையும் பையையும் பிடித்துக்கொண்டு நின்றவர், இரண்டையும் கீழே போட்டுவிட்டுக் கைதட்டினார்.

“வராத மனுஷனுக்கு என்ன கைதட்டல் வேண்டிக்கிடக்கு!” என்று தண்ணீரிலிருந்தே அதட்டினாள் டோக்கன் அக்கா.