மேட்டிலிருந்து வந்த குழாய்

தீவின் மின்னி பே பகுதியில் சரிவான மனை வாங்கி வீடு கட்டிய சரசுவுக்கு, வீட்டைவிடப் பின்புறத்து செப்டிக் டேங்கைப் பற்றித்தான் கவலை அதிகம். டெலானிபூர் அரசு குவார்ட்டர்ஸில் புருஷன் இருந்தவரை அடைப்பு என்றால் யாராவது வந்து பார்த்துக்கொண்டார்கள். அவர் காலமான பிறகு சொந்த வீடு, சொந்தத் தலைவலி.

முதலில் டேங்க் சமர்த்தாகத்தான் இருந்தது. அப்புறம் என்ன வந்ததோ, வருஷா வருஷம் நிரம்பி வழிந்தது. சரசு பழியைத் தன்மேலேயே போட்டுக்கொண்டாள். பினாயிலை நிறுத்தினாள். துணி துவைத்த தண்ணீரை வாழைக்குத் திருப்பினாள். தீவின் வடகோடித் திக்லிபூரில் வாழ்க்கைப்பட்ட மகள் சங்கவி குடும்பத்தோடு லீவுக்கு வந்தபோது, "பாத்து ஊத்துங்கடி, டேங்க் தாங்காது" என்று சொல்லித் தொலைத்தாள். கக்கூஸுக்குக் கணக்குப் பார்க்கும் வீட்டில் எந்த மருமகன் தங்குவான்? அதன்பிறகு மகள் போனில் மட்டும்தான்.

இதையெல்லாம் மேட்டு வீட்டு ஜெயராணியிடம்தான் சொல்லி அழுவாள். தண்ணீரை இன்னும் குறைத்துப் பார்க்கும்படி அவள் யோசனையும் சொல்வாள். இதற்கெல்லாம் முன்னால், சங்கவியின் இரண்டாவது பிரசவத்துக்குத் திக்லிபூர் போனபோது சரசு வீட்டுச் சாவியை நம்பிக் கொடுத்ததும் அவளிடம்தான்; அதைத் திரும்பக் கேட்கவும் இல்லை.

முன்பெல்லாம் டேங்க் காலி செய்யும் லாரிக்காரர்கள் மேலோட்டமாக உறிஞ்சிவிட்டுப் போய்விடுவார்கள். இந்த முறை வந்த வங்காளி டிரைவர் அடிவரை காலி செய்து, உள்ளே டார்ச் அடித்தார்.

"தேகோ ஆன்ட்டி, தூஸ்ரா பைப்."

சரசு குனிந்து பார்த்தாள். மேட்டுப் பக்கச் சுவரில் இன்னொரு குழாய். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதிலிருந்து கொட்டியது. ஜெயராணி வாடகைக்கு விட்டிருந்த போர்ஷனில் யாரோ ஃப்ளஷை இழுத்திருக்கிறார்கள்.

குழாய் போட்டதைக்கூட மன்னித்துவிடலாம். தான் அழும்போதெல்லாம் முதுகைத் தடவிக்கொடுத்தாளே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

கூப்பிட்டதும் ஜெயராணி இறங்கி வந்தாள். மறுக்கவில்லை. அவள் மனை முழுக்கப் பாறையாம், தோண்ட வழியில்லையாம். சரசு பிரசவத்துக்குப் போயிருந்தபோது ஆள் வைத்து இணைத்துவிட்டாளாம்.

"உங்க வீட்ல ஒரே ஆளுதானேக்கா. டேங்க் சும்மாதானே கிடந்துச்சு."

"ஒரே ஆளா ஆக்கினது யாரு, ஜெயராணி?"

சரசு டிரைவர் பக்கம் திரும்பி, "பந்த் கர் தோ பையா" என்று அந்தக் குழாயை அடைக்கச் சொன்னாள்.

மேலே வாடகைக்காரர்கள் இருப்பதாக ஜெயராணி இழுத்தாள். சரசு அவள் முகத்தைப் பார்க்காமலே, தன் வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னாள்.