நாற்பது மிளகுக்கொடியும் பத்தாயிரம் கிலோவும்

கண்டிக்குப் பக்கத்தில் கலகெதரயில் எங்கள் வீட்டுத் தோட்டத்தில் நாற்பது மிளகுக்கொடிகள் இருக்கின்றன. காயவைத்தால் இரண்டு மூட்டை தேறும். வருடாவருடம் அதைக் கண்டியில் உள்ள ஒரு வியாபாரிக்குத்தான் கொடுப்பேன்.

சென்ற வருடம் அவர் ஒரு படிவத்தோடு வந்தார். “நானா” என்று அண்ணன் முறையில் கூப்பிட்டு, “இந்தியாவுக்கு அனுப்ப இது இலங்கை மிளகுதான்னு காட்டணும். அப்பதான் அங்க வரி குறைவு. நீங்க சைன் மட்டும் வைங்க, எடையை நாங்க எழுதிக்கிறோம்” என்றார். இங்கே எல்லாத் தோட்டக்காரர்களும் அப்படித்தான் வைப்பார்கள். நானும் வைத்தேன்.

மூன்று மாதம் கழித்து இரண்டு சுங்க அதிகாரிகள் அந்தத் தாளோடு வீட்டுக்கு வந்தார்கள். அதில் பத்தாயிரம் கிலோ என்று எழுதியிருந்தது. தோட்டத்தைச் சுற்றிப் பார்த்த ஒருவர், இந்தக் கொடிகளிலா அவ்வளவும் என்று சிங்களத்தில் கேட்டார். பிறகு வாக்குமூலம் எழுதிக்கொண்டு என்னை விட்டுவிட்டார்கள்.

வேறு நாட்டிலிருந்து இறக்கிய மிளகை என் தோட்டத்து மிளகென்று கப்பல் ஏற்றியிருக்கிறார்கள். அது பிடிபட்ட பிறகு இந்தியாவில் இலங்கை மிளகு என்றாலே சந்தேகம். எங்கள் நல்ல மிளகு வாங்க ஆளில்லாமல் கிடந்தது. அந்த வியாபாரியோ கடையைத் திறந்துதான் வைத்திருக்கிறார். வயிறு எரிகிறது. எழுதாத தாளில் கையெழுத்து வைத்த என் மேலும் கோபம்தான்.

போன வாரம் மறுபடி வந்தார். “வழமை போல ஒரு சைன், நானா.”

எடைக்கான இடத்தில் ‘இரண்டு மூட்டை’ என்று நானே எழுதி, மிச்ச இடத்தைக் கோடு போட்டு அடைத்து, அதன் பிறகுதான் கையெழுத்து வைத்தேன். இனி எப்போதும் அப்படித்தான்.

அவர் தாளையும் எடுக்கவில்லை, மிளகையும் எடுக்கவில்லை.